போனை வைக்கும் முன் ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள்

கல்யாண வீட்டார் சமையல் மாஸ்டரைப் போனில் பிடித்து, காலை டிபனுக்கு எண்ணூறு இட்லி என்கிறார்கள். அந்தப் பக்கம் கிரைண்டர் ஓடுகிறது. முதல் அசை சத்தத்தில் அமுங்கிப்போனால் அவர் காதில் அது தொண்ணூறாகவே விழலாம். ஓசையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கடுகளவு. பந்தியில் அது 710 இட்லி. பி பிளாக்குக்குப் போக வேண்டிய பார்சல் டி பிளாக்குக்குப் போவதும், எம். ராஜா என். ராஜாவாகப் பதிவாவதும் இந்த வகைதான். விஷயம் தெரிந்ததும் எல்லோரும் சிரிக்கிறோம், பிறகு யாரோ ஒருவருக்குக் காது மந்தம் என்று முடித்துவிடுகிறோம். கேட்டதைத் திருப்பிச் சொல்லும் பழக்கம் நம்மிடம் வேரூன்றாததே உண்மையான காரணம் என்று நினைக்கிறேன்.

காதைக் குறை சொல்வது நியாயமில்லை. பழைய தொலைபேசி இணைப்புகள் ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தின. பேச்சு புரிய அது போதும். ஆனால் ‘ஸ்’, ‘ஃப்’ என்ற உரசொலிகளைப் பிரித்துக்காட்டும் பகுதி பெரும்பாலும் அந்த எல்லைக்கு மேலே இருக்கிறது. அதனால்தான் போனில் எஸ்ஸும் எஃப்பும் ஒன்றுபோலக் கேட்டன. இன்றைய 4ஜி அழைப்புகளில் தெளிவு கூடியிருக்கிறது. பஸ் ஸ்டாண்டு இரைச்சல் குறையவில்லை. வாக்கியத்தின் நடுவில் ஒரு சொல் மங்கினால் முன்பின் சொற்களைக் கொண்டு ஊகித்துவிடலாம். இனிஷியலுக்கும் எண்ணுக்கும் அந்தத் துணை கிடையாது. குடும்பப் பெயர் இல்லாமல் ஒற்றை எழுத்தை நம்பியிருக்கும் தமிழர்களுக்கு இது கூடுதல் தொல்லை.

தவறவே கூடாத தொழில்களில் இருப்பவர்கள் இதை எப்போதோ உணர்ந்துவிட்டார்கள். ஆங்கில எழுத்துகளைக் குழப்பமின்றிச் சொல்ல விமானத்துறை 1951இல் ஒரு சொற்பட்டியலைக் கொண்டுவந்தது. அதிலும் சில சொற்கள் சரிவரவில்லை. ‘எம்’முக்கு வைத்த மெட்ரோ மைக் ஆனது, ‘என்’னுக்கு வைத்த நெக்டார் நவம்பர் ஆனது, திருத்திய பட்டியல் 1956 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒன்பதை ‘நைனர்’ என்று நீட்டுவதுகூட ஐந்தோடு குழம்பாமல் இருக்கத்தான். இத்தனைக்குப் பிறகும், ஓடுபாதையில் இறங்க அனுமதி கிடைத்தால் விமானி அதைத் திருப்பிச் சொல்லியாக வேண்டும். நம் ரயில்வேயில் அடுத்த நிலையத்துக்கு வண்டியை அனுப்பும்போது ஸ்டேஷன் மாஸ்டர்கள் ‘பிரைவேட் நம்பர்’ பரிமாறி உறுதி செய்துகொள்கிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? நல்ல ஓட்டல் சர்வரைக் கவனியுங்கள்: “ரெண்டு நெய் ரோஸ்ட், ஒரு ஆனியன் ஊத்தப்பம், மூணு காபி, அதுல ஒண்ணு சர்க்கரை இல்லாம. சரிங்களா சார்?” அந்த மேஜைக்குத் தட்டு மாறி வருவது அபூர்வம்.

பெரியவர்களிடம் இப்படிச் செய்வது மரியாதையா என்று சிலர் தயங்குவார்கள். “என்ன சொன்னீங்க?” என்று மூன்று முறை கேட்டால் யாருக்கும் எரிச்சல் வரும். “வியாழக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு வந்துடறேன் பெரியப்பா” என்றால், நாம் சொன்னதைப் பிள்ளை கவனமாகக் கேட்டிருக்கிறான் என்ற நிறைவுதான் அவருக்கு வரும். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் போதாதா என்ற கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. முகவரிக்கும் எண்ணுக்கும் எழுத்தே மேல். ஆனால் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டும்போது வழியும் வலியும் ஒன்றாகிவிடுகின்றன. பாதை தெரியாமல் முச்சந்தியில் நிற்பவர் அனுப்பிய “vali theriyala” என்ற செய்தியைப் படித்து, மூட்டுவலி குறைந்துவிட்டது என்று வீட்டில் சந்தோஷப்படவும் வாய்ப்பிருக்கிறது. தவிர, தட்டச்சு செய்யாமல் பேசியே காரியம் முடிப்பவர்கள் நம் வீடுகளில் இன்னும் நிறையப் பேர்.

எனவே இனிஷியல் சொல்லும்போது ஓர் ஊரையும் சேர்த்துச் சொல்லுங்கள்: மதுரை எம், நாகப்பட்டினம் என், சேலம் எஸ். எண்ணூறு என்றால் எட்டு, சைபர், சைபர் என்று பிரித்துச் சொல்லுங்கள். போனை வைப்பதற்கு முன் பெயர், நாள், நேரம், எண் நான்கையும் ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள். பத்து வினாடிகூட ஆகாது.