பூஜ்யம் வாங்கியவரையும் கொஞ்சம் பாருங்கள்

பள்ளிப் பரீட்சையில் பூஜ்யம் வாங்கினால் வாத்தியார் கூப்பிட்டு விசாரிப்பார். மனச்சோர்வுக் கேள்வித்தாளில் பூஜ்யம் வாங்கியவரை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. ‘நலம்’ என்று குறித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். இது சரியில்லை என்பது என் கட்சி.

பி.எச்.க்யூ-9 என்று ஒரு தாள் 2001-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. கடந்த இரண்டு வாரத்தில் மனம் தளர்ந்ததா, தூக்கம் கெட்டதா, செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதா என்றெல்லாம் கேட்கும். 4 வரை வாங்கியவர்கள் எல்லாரும் ஒரே பெட்டிக்குள் போய்விடுவார்கள்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்ணிடம், சூப்பர்வைசர் பத்தடி தள்ளி நிற்கையில் இதைக் கேட்டால் என்ன சொல்வாள்? “அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்.” பேரணாம்பட்டில் எழுபது வயதுப் பெரியவரிடம், மருமகள் காபி கொண்டுவந்து வைக்கும்போது கேட்டால்? “எனக்கென்ன குறை?” அதே பெரியவர் டாக்டரிடம் போனால் நெஞ்சடைப்பு, அசதி, பசியில்லை என்று அரைமணி நேரம் சொல்வார்.

1993-இல் ஜோனதன் ஷெட்லர் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவர் கூட்டாளிகளும் ஒன்று காட்டினார்கள். தாளில் நலமென்று வந்த சிலரை, அனுபவசாலிகள் ஆராய்ந்து மனக்கஷ்டம் உள்ளவர்கள் என்றார்கள். நெருக்கடியான வேலை கொடுத்தபோது இவர்களுடைய இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் மற்றவர்களைவிட அதிகம் எகிறின. வாய் சொல்லாததை உடம்பு சொல்லிவிட்டது.

நம் ஊரிலேயே இன்னொரு பாடம் உண்டு. வேலூர் சி.எம்.சி. ஆய்வாளர்கள் கணியம்பாடி ஒன்றியத்தில் 1994 முதல் 1999 வரை நடந்த சாவுகளை வீட்டாரிடம் பொறுமையாக விசாரித்தார்கள். தற்கொலை லட்சத்துக்குச் சுமார் 95 என்று வந்தது. நாட்டுச் சராசரியாகச் சொல்லப்பட்டதைப் போல எட்டு, ஒன்பது மடங்கு. அது வேறு வகை ஆய்வுதான். ஆனாலும் காகிதத்தில் இல்லாதது வீட்டில் இருக்கலாம் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

பூஜ்யம் எல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. உண்மையிலேயே நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய உண்டு. அவர்கள் பேச்சை நம்பத்தான் வேண்டும். ஆனால் யார் நிம்மதியானவர், யார் மறைத்தவர் என்று அந்த எண் மட்டும் சொல்லாது. ஆகவே பூஜ்யங்களைத் தனியாக எண்ணுங்கள். கேட்டவர் யார், பக்கத்தில் யார் இருந்தார் என்று எழுதிவையுங்கள். அவர்களில் சிலரையாவது தனியே உட்காரவைத்துப் பேசுங்கள்.

நம் வீட்டுக்கும் ஒருநாள் யாராவது தாளோடு வருவார்கள். அப்போது பிள்ளைகள் கொஞ்சநேரம் எழுந்து வெளியே போகட்டும்.