தொட்டுப் பார்த்துச் சொல்!

உச்சந்தலைத் தோல் உழுத வயல்போல வரப்பு வரப்பாய் மடிந்து கிடக்கிறது. டாக்டரோ மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே, "சுமை தூக்குற தலை, அப்படித்தான் இருக்கும்" என்று களிம்பு எழுதித் தள்ளுகிறார். எவன் கேட்டான் உன் களிம்பை?

இதற்குப் பெயர் உண்டு: கியூட்டிஸ் வெர்ட்டிசிஸ் கைரேட்டா. ஜெர்மன் தோல் மருத்துவர் உன்னா 1907இல் வைத்த பெயர். சிலருக்குக் காரணமில்லாமலே வரும், ஆபத்தில்லை. சிலருக்கு பிட்யூட்டரிக் கட்டியால் வளர்ச்சி ஹார்மோன் மிகுந்து வரும். செருப்பு சைஸ் கூடுதா, மோதிரம் இறுகுதா என்று கேட்க என்ன செலவு? ஐஜிஎஃப்-1 ரத்தச் சோதனை எழுதக் கை வலிக்கிறதா?

தொடாமல் சொல்வது நோயறிதல் அல்ல, சாதியறிதல். தோழா, சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்துவிடாதே. தலையைக் காட்டி உட்கார். "தொட்டுப் பாத்துச் சொல்லுங்க" என்று கேள்.