ஊமை யந்திரமும் ஒளித்து வைத்த மந்திரமும்

பழைய கம்ப்யூட்டரைப் பரணில் ஏற்றுவதற்கு இக்காலத்தில் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. 2025-ம் வருஷம் அக்டோபர் 14-ந் தேதியன்று மைக்ரோஸாப்ட் கம்பெனியார் ‘விண்டோஸ் 10’-க்கு அளித்து வந்த வழக்கமான பராமரிப்பை நிறுத்திக் கொண்டார்கள். அடுத்த பதிப்போ, வயதான யந்திரங்கள் பலவற்றை வாசற்படியிலேயே நிறுத்தி, “உனக்கு இங்கே இடமில்லை” என்று சொல்லி விடுகிறது. கை கால் திடமாயிருக்கும்போதே வேலையிலிருந்து விலக்கப்பட்ட குமாஸ்தாவின் நிலைமைதான் அவற்றுக்கு.

இத்தகைய யந்திரங்களுக்கு மறு வாழ்வு அளிக்கக் கூடியது லினக்ஸ். 1991-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஹெல்ஸிங்கி நகரத்து மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் தமது இருபத்தோராவது வயதில் உலகுக்கு அறிவித்த முயற்சி அது. இன்று எவரும் விலையின்றிப் பெறலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம்.

ஆனால் லினக்ஸை ஏற்றி முடித்ததும் பல வீடுகளில் ஒரு சங்கடம் உண்டாகிறது. திரை பளிச்சென்று விளங்குகிறது, விசைப் பலகை சொன்னபடி கேட்கிறது, பாட்டுக்கூடப் பாடுகிறது. இண்டர்நெட் மட்டும் வருவதில்லை. வீட்டிலுள்ள செல்போன்களுக்கெல்லாம் எட்டுகிற வைஃபை இந்த யந்திரத்துக்கு மட்டும் எட்டுவதில்லை. உடனே வீட்டுப் பெரியவர், “கார்டு போய்விட்டது” என்று தீர்ப்புக் கூறி விடுகிறார். சாட்சி விசாரணை இல்லாமல் சொல்லப்படும் இத்தீர்ப்பைப் பல சமயங்களில் அப்பீலில் மாற்ற முடியும் என்பது நமது அபிப்பிராயம்.

நெட்வொர்க் கார்டு என்பது யந்திரத்துக்கும் வெளியுலகத்துக்கும் நடுவே நிற்கும் துபாஷி. அந்தத் துபாஷியிடம் வேலை வாங்கத் தெரிந்த நிரலுக்கு டிரைவர் என்று பெயர். சாரதி என்று நாம் சொல்லலாம். பெரும்பாலான சாரதிகள் லினக்ஸுக்குள்ளேயே இருக்கிறார்கள். ஆயினும் சில கார்டுகளுக்கு மூன்றாவதாக ஒன்றும் வேண்டும். ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் ஒரு சிறு ஃபைலைச் சாரதி அதன் காதில் ஓத வேண்டும். ஓதாவிட்டால் அது வாய் திறவாது. ஃபர்ம்வேர் எனப்படும் மந்திரம் இதுதான்.

ஆகவே விசாரணையை வரிசையாக நடத்த வேண்டும். முதலில் கண்ணுக்குத் தெரிவதைப் பார்க்கலாம். பழைய லாப்டாப்புகள் பலவற்றில் வைஃபைக்கென்று விளிம்பில் ஒரு சிறு ஸ்விட்ச் உண்டு. ‘ஆர்எஃப்கில் லிஸ்ட்’ என்று கட்டளையிட்டால், கதவு ஸ்விட்சினால் சாத்தப்பட்டிருக்கிறதா, நிரலினால் சாத்தப்பட்டிருக்கிறதா என்று தெரிந்து விடும்.

இரண்டாவதாக, கார்டின் குலமும் பெயரும் கேட்க வேண்டும். ‘எல்எஸ்பிசிஐ -என்என்’ என்னும் கட்டளைக்கு யந்திரம் கூறும் விடையில், சதுர அடைப்புக்குள், நடுவே இரு புள்ளி வைத்த இரண்டு எண்கள் இருக்கும். உதாரணமாக, 14இ4:4315. முன்னது பிராட்காம் கம்பெனியைக் குறிக்கும். பின்னது அக்கம்பெனியின் பிஸிஎம்4312 என்ற வைஃபை சில்லைக் குறிக்கும். பெட்டியின் மேல் ஒட்டியுள்ள பெயரைக் காட்டிலும் இந்த எட்டு இலக்கங்களே நம்பத் தகுந்தவை.

மூன்றாவதாக, யந்திரத்தின் நாட்குறிப்பைப் படிக்க வேண்டும். ‘டிஎம்இஎஸ்ஜி’ என்ற கட்டளை அதைக் காட்டும். மேற்சொன்ன கார்டு இருக்குமாயின், ‘பி43’ என்னும் சாரதி தனக்கு வேண்டிய ஃபர்ம்வேர் ஃபைலைக் காணவில்லை என்று அங்கே முறையிட்டிருப்பதைக் காணலாம். கார்டு சாகவில்லை, மந்திரத்துக்காகக் காத்திருக்கிறது என்று அர்த்தம்.

மந்திரத்தை எங்கே பெறுவது? இண்டர்நெட்டில்தான்! பைத்தியம் தெளிந்தால்தான் கலியாணம் ஆகும், கலியாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதைதான். டெபியன் லினக்ஸில் இதற்கென்று ‘ஃபர்ம்வேர்-பி43-இன்ஸ்டாலர்’ என்று ஒரு பொதி இருக்கிறது. அதைப் பென்டிரைவில் கொண்டு வந்தாலும் பயனில்லை. அந்தப் பொதிக்குள் ஃபர்ம்வேர் கிடையாது. இண்டர்நெட்டுக்குப் போய் அதை எடுத்து வருகிற தூதன் மட்டுமே உண்டு. ஆகையால் முதலில் ஈதர்நெட் கம்பியைச் செருகிப் பார்க்க வேண்டும். கம்பிக்கு வழியில்லையேல், செல்போனை யுஎஸ்பி வயரால் இணைத்து, அதில் ‘யுஎஸ்பி டெதரிங்’ என்பதைத் திறக்கலாம். சாதாரணமாக லினக்ஸ் அப்போனைக் கம்பித் தொடர்பு என்றே எண்ணி ஏற்றுக் கொள்ளும். பிறகு டெபியனின் ‘காண்ட்ரிப்’ பகுதியைச் சேர்த்து அப்பொதியை ஏற்றி, யந்திரத்தை ஒரு முறை அணைத்து எழுப்பினால் வைஃபை பேசத் தொடங்கும்.

ஒரு எச்சரிக்கை. இதே கார்டுக்குக் கம்பெனி தயாரித்த ‘டபிள்யுஎல்’ என்னும் வேறொரு சாரதியும் உண்டு. ஒரு தேருக்கு இரண்டு சாரதிகள் ஆகாது. பதற்றத்தில் இரண்டையும் ஏற்றி விட்டு, இரண்டும் ஓடவில்லையே என்று வருந்துவோர் பலர்.

நிற்க. இவ்வளவு தொல்லை ஏன் என்று வாசகர்கள் கேட்கலாம். பிராட்காம் கம்பெனி இக்கார்டுகளின் விவரங்களை லினக்ஸ்காரர்களுக்குத் தரவில்லை. தொண்டர்கள் சிலர் அதற்காகச் சோர்ந்து விடவில்லை. கம்பெனியின் டிரைவர் கார்டிடம் எவ்வாறு பேசுகிறது என்பதை ஒரு சாரார் ஆராய்ந்து விவரம் எழுதினார்கள். மற்றொரு சாரார், அந்த டிரைவரைக் கண்ணாலும் பாராமல், விவரத்தை மட்டும் கைக்கொண்டு புதிய டிரைவர் ஒன்றை எழுதினார்கள். 2006-ல் வெளியான லினக்ஸ் 2.6.17-ல் அது இடம் பெற்றது. 2010 செப்டம்பரில் கம்பெனியே மனம் மாறித் திறந்த டிரைவர் ஒன்றை வெளியிட்டது. ஆனால் அது புதிய கார்டுகளுக்குத்தான். டெபியன் அங்கத்தினர்கள் 2022-ல் வாக்கெடுத்து, பிறர் உரிமையுள்ள ஃபர்ம்வேர்களையும் தங்கள் இன்ஸ்டாலருடன் சேர்க்கத் தீர்மானித்தார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் எத்தனையோ கார்டுகள் இதனால் உடனே வாய் திறக்கின்றன. பி43-ன் மந்திரத்தையோ அவ்விதம் விநியோகிக்க உரிமை இல்லாமையால், தூதனை அனுப்பும் வழக்கம் மட்டும் நீடிக்கிறது.

காசு கொடுத்து வாங்கிய பொருளுக்குள்ளே உடையவனுக்குத் தெரியாத பூட்டு ஒன்று இருந்தால், அப்பொருளின் ஆயுளை நிர்ணயிப்பவன் சாவி வைத்திருப்பவனே. தொண்டர்கள் எழுதி வைத்த விவரம் பகிரங்கமாக இருந்ததனால் அல்லவா, ஏறக்குறைய இருபது வருஷங்களுக்குப் பின்னும் அந்தச் சில்லுக்கு உயிர் கொடுக்க முடிகிறது?

கார்டு உண்மையாகவே பழுதாயிருப்பதும் உண்டு. அப்போதும் யந்திரத்தை விலக்க வேண்டியதில்லை. யுஎஸ்பியில் செருகும் சிறு அடாப்டர் போதும். வாங்குமுன் அதனுள்ளே இருக்கும் சில்லு எது, அதன் டிரைவர் லினக்ஸுக்குள் இருக்கிறதா என்று விசாரித்து வாங்க வேண்டும். ஒரே பெயரில் விற்கும் அடாப்டர்களுக்குள் வெவ்வேறு சில்லுகள் இருப்பது சகஜம்.

பரணில் லாப்டாப் வைத்திருக்கும் நேயர்கள் இந்த விடுமுறையில் அதை இறக்கி, வீட்டுப் பிள்ளைகளின் கையாலேயே அந்த மூன்று கேள்விகளையும் கேட்கச் செய்யலாம். கிடைத்த எட்டு இலக்கங்களை ஒரு சீட்டில் எழுதி யந்திரத்தின் அடியில் ஒட்டி வைக்கட்டும். அடுத்த முறை அதைத் திறப்பவர் எவராயினும், விசாரணையைப் பாதியிலிருந்து தொடங்கலாம்.