பரிந்துரையும் தகுதியும்

'சிபாரிசு' என்றாலே நாம் முகம் சுளிக்கிறோம். ஆனால், அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் சேர விரும்பும் மாணவர் பெரும்பாலும் தம் தொகுதிப் பிரதிநிதியிடமோ, மாநில செனட்டரிடமோ பரிந்துரை பெற்றாக வேண்டும். அது அங்கே சட்டம்.

இது செல்வாக்குள்ளவர்களின் கொல்லைப்புற வழியா? நோக்கம் அதுவன்று. தொகுதிக்கு ஒரு மாணவர் என்று 1843இல் சட்டம் வகுத்தபோது, தலைநகர் வாசிகளுக்கும் தொலைதூரக் கிராமத்தாருக்கும் வாய்ப்பு சமமாகப் பங்கிடப்பட்டது. அந்தப் பங்கீட்டை நான் வரவேற்கிறேன்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. யாரை, எப்படித் தேர்வது என்பது பெரும்பாலும் உறுப்பினரின் விருப்பம். 1839இல் தாமஸ் ஹேமர் தாம் பரிந்துரைத்த இளைஞரின் பெயரையே தவறாக எழுதினார். ஹைராம் யுலிசிஸ் கிராண்ட், யுலிசிஸ் எஸ். கிராண்ட் ஆனார்! பிற்காலத்தில் அவர் அதிபரானது நாட்டின் நற்பேறு.

மாறாக, கான்சஸ் செனட்டர் ஜோசப் பிரிஸ்டோ 1910இல் போட்டித் தேர்வு வைத்தார். பால்பண்ணைத் தொழிலாளியின் மகன் ஒருவர் அதை எழுதி, 1911இல் வெஸ்ட் பாயிண்டில் சேர்ந்தார். அவர்தாம் ஐசன்ஹோவர்.

பரிந்துரை கிடைத்தாலும் இடம் உறுதியில்லை. கல்வி, உடல்தகுதி, மருத்துவச் சோதனை யாவும் காத்திருக்கின்றன. எனினும் முதற்கதவைத் திறப்பவர் மக்கள் பிரதிநிதி. அவர் தம் அளவுகோலை ஊரறியச் சொல்லவேண்டும். அளவுகோல் வெளிப்படையானால் பரிந்துரை பொறுப்பாகும். மறைந்திருந்தால் அது சலுகைதான்.

இளையோரே, முறையாகக் கேட்பது யாசகம் அன்று. தகுதியை வளர்த்துக்கொண்டு, தயங்காமல் கேளுங்கள்!