கறுப்புக் கல்லும் செய்முறைத் தேர்வும்

கனிமத்தை அடையாளம் காண்பது என்றால் நிறத்தைப் பார்த்துப் பெயர் சொல்வதே என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். செய்முறைத் தேர்வுக்கு முன் மாதிரிக் கற்களில் ஒட்டியுள்ள எண்களையும் உடைந்த மூலைகளையும் மனப்பாடம் செய்வோரும் உண்டு! இப்பழக்கம் ஒழிய வேண்டும் என்பதே என் கருத்து. அதற்குக் கடோலினைட் என்னும் கனிமமே தக்க சான்று.

1787-ஆம் ஆண்டு சுவீடனில் இட்டர்பி என்னும் சிற்றூரின் கற்சுரங்கத்தில், கார்ல் ஆக்செல் அர்ரேனியஸ் என்ற படை அதிகாரி ஒரு கறுப்புக் கல்லைக் கண்டெடுத்தார். பார்வைக்குக் கரி, கையிலோ நல்ல கனம். பின்லாந்தின் துர்க்கு நகர வேதியியல் அறிஞர் யோகான் கடோலின் 1794-இல் அதைப் பகுத்தாய்ந்து, அதுவரை அறியப்படாத ஒரு 'மண்' அதில் இருப்பதாக அறிவித்தார். இட்டிரியம், டெர்பியம், எர்பியம், இட்டெர்பியம் ஆகிய நான்கு தனிமங்கள் அச்சிற்றூரின் பெயரையே தாங்கி நிற்கின்றன. (கடோலின் பெயரைத் தாங்கிய இக்கனிமத்தில் கடோலினியம் சிறிதளவே உண்டு என்பது வேடிக்கை.)

இது இட்டிரியம், இரும்பு, பெரிலியம் அடங்கிய சிலிக்கேட். கடினத்தன்மை 6.5 முதல் 7 வரை, கண்ணாடி மிளிர்வு, சங்கு முறிவு. கருந்தூர்மலினும் கறுப்புத்தான், கடினமும் ஏறக்குறைய அதுவே. பிறகு எப்படிப் பிரிப்பது? ஒப்படர்த்தியால்தான். தூர்மலினுக்கு ஏறத்தாழ 3.1, கடோலினைட்டுக்கு 4-க்கு மேல். நூலும் வில் தராசும் ஒரு குவளை நீரும் போதும். காற்றில் 84 கிராம் காட்டும் கல் நீரில் 64 காட்டினால் இழப்பு 20. 84-ஐ 20-ஆல் வகுக்க 4.2. அதே எடையுள்ள தூர்மலின் 27 கிராம் இழந்திருக்கும்.

அல்லனைட்தான் சற்றுத் தொல்லை தரும். அதன் ஒப்படர்த்தியும் சில வேளை 4-ஐத் தாண்டும். பொடி செய்து பார்த்தால் கடோலினைட்டின் தூள் பசுஞ்சாம்பல்; அல்லனைட்டின் தூளில் பழுப்புச் சாயல். அதிலும் ஐயம் எழுந்தால் வேதியியல் பகுப்பாய்வே வழி.

எக்ஸ்-கதிர்க் கருவி இருக்க இவை எதற்கு என்று கேட்கலாம். கடோலினைட்டில் சிறிதளவு கலந்துள்ள தோரியமும் யுரேனியமும் வெளியிடும் கதிர்வீச்சு, நெடுங்காலத்தில் அதன் படிக அமைப்பையே சிதைத்துவிடுவதுண்டு. அத்தகைய கல் எக்ஸ்-கதிர்ப் படத்தில் வெறுங்கண்ணாடி போலவே தோன்றும். நன்கு சூடாக்கிய பின்னரே பழைய அமைப்புத் திரும்பும். ஆனால் அதன் ஒப்படர்த்தி சிறிது குறைந்தாலும் தூர்மலின் அளவுக்கு இறங்குவதில்லை.

ஆகவே தேர்வில் எண் ஒட்டாத, நாம் முன்பு பார்த்திராத கல்லைத் தரட்டும். பெயருக்கு ஒரு மதிப்பெண். எடை போட்ட கணக்குக்கு நான்கு.