விழுகிறவள் யார்?

ஜோடி ஸ்கேட்டிங் வர்ணனைகளில் அலுக்காமல் வரும் வாக்கியம் இது: அவன் தூக்குகிறான், அவள் தூக்கப்படுகிறாள். வகுப்பில் செய்வினையும் செயப்பாட்டுவினையும் நடத்துகிறவள் என்பதால் இது என்னை உறுத்துகிறது. ஆண் தன் கால்கள் பனித்தரையில் இருக்க, பெண்ணை வீசுகிறான். காற்றில் மூன்று முறை சுழன்று, ஒற்றைக் காலில், சில மில்லிமீட்டர் அகலமுள்ள பிளேடின் விளிம்பில், பின்னோக்கி வழுக்கியபடி இறங்குகிறவள் அவள். தவறினால் விழுகிறவளும் அவளே. தலைக்கவசம் கிடையாது. இவ்வளவு செய்கிறவளுக்குச் செயப்பாட்டுவினை!

எலெனா பெரெஷ்னயாவை எடுத்துக்கொள்வோம். 1977இல் ரஷ்யாவில் பிறந்தவர். பதின்வயதிலேயே ஓர் ஆணோடு ஜோடி சேர்ந்து லாத்வியாவுக்காக ஆடினார். 1994 லில்லஹாமர் ஒலிம்பிக்கில் எட்டாமிடம் பெற்றபோது வயது 16. பயிற்சியில் அந்த ஆண் அவரை அடித்ததைச் சக வீரர்கள் பார்த்திருக்கிறார்கள். பின்னாளில் வெளிப்படையாகச் சொல்லியும் இருக்கிறார்கள். பார்த்தார்கள். பயிற்சி தொடர்ந்தது. 1996 ஜனவரியில், ரீகாவில், இருவரும் அருகருகே சுழன்றபோது அந்த ஆணின் பிளேடு எலெனாவின் மண்டையோட்டைத் துளைத்தது. மூளையில் அறுவை சிகிச்சை. பேச்சு போயிற்று. நடக்கவும் பேசவும் மறுபடி கற்க வேண்டியிருந்தது. அப்போது அவருக்கு 18 வயது.

இதை விபத்து என்கிறார்கள். பிளேடு பட்டது விபத்தாகவே இருக்கட்டும். அடி வாங்கிய பெண், அடித்தவனுக்குப் பக்கத்திலேயே போய்ச் சுழல நேர்ந்ததற்கு என்ன பெயர்? இந்த விளையாட்டில் பெண்கள் ஏராளம், ஆண்கள் அரிது. ஆண் விலகினால் பெண்ணின் பல வருட உழைப்பு அந்தரத்தில் நிற்கும். பெண் விலகினால் இன்னொருத்தி கிடைப்பாள். கிடைத்தாள், அந்த ஆண் வேறொரு பெண்ணோடு மீண்டும் போட்டிக்கு வந்தார். 'அவள் ஏன் முன்பே விலகவில்லை?' என்று கேட்கிறவர்கள், விலகினால் எங்கே போவாள் என்பதற்குப் பதில் வைத்துக்கொண்டு கேட்கட்டும். அடிபடும் மனைவிகளிடமும் நம் ஊர் இதைத்தானே கேட்கிறது!

அடுத்த அநியாயம், அவர் மீண்டு வந்ததைச் சொல்லும் விதம். ஆண்டன் சிகருலிட்ஸே மருத்துவமனையில் அவருடன் இருந்தார், அவருடைய புதிய ஜோடியானார். நல்ல துணை, மறுக்கவில்லை. ஆனால் உலகம் அதைக் காதல் காப்பாற்றிய கதையாக்கிவிட்டது. தொலைந்த சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தது எலெனாவின் நாக்கு. பிளேடு துளைத்த தலையோடு மறுபடி பிளேடுகளின் நடுவே போய் நின்றது எலெனாவின் உடல். 1998 நாகானோவில் வெள்ளி. 1998, 1999இல் உலகப் பட்டங்கள். 2002 சால்ட் லேக் சிட்டியில் தங்கம். அதுவும் நடுவர் ஊழலில் சிக்கி, கனடா ஜோடிக்கு இன்னொரு தங்கம் தரப்பட்டது. அன்றைய ஆட்டத்தில் தாவி இறங்கும்போது தடுமாறியது ஆணின் கால். பதக்கத்தின் மேல் விழுந்த சந்தேகத்தை எலெனாவும் சுமந்தார்.

சீனியர் போட்டிகளுக்குக் குறைந்தபட்ச வயதை 17 ஆக உயர்த்த, சர்வதேச ஸ்கேட்டிங் சங்கத்துக்கு 2022 வரை ஆயிற்று. அதே ஆண்டு கனடா, தன் உள்நாட்டுப் போட்டிகளில் ஜோடி என்றால் இரண்டு ஸ்கேட்டர்கள் என்று விதியை மாற்றியது. சர்வதேச விதியோ ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் விட்டு நகரவில்லை. இரண்டு பெண்கள் எப்படித் தூக்குவார்கள் என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஆண் இல்லாமலும் ஜோடி அமையும் என்றால், ஆண் கிடைப்பது அரிது என்பதன் மேல் கட்டிய அதிகாரம் ஆட்டம் காணும். அந்தக் கதவைத் திறக்கச் சொல்வோம்.

தோழிகளே, பெண்ணின் சாதனையைப் படிக்கும்போது முதலில் வினைச்சொல்லைப் பாருங்கள். தூக்கினவனின் பெயர் அதில் தவறாமல் இருக்கும். இறங்கி நின்றவளையும், அவள் அடிபட்டபோது பார்த்துக்கொண்டிருந்தவர்களையும் நீங்கள் எழுவாயாக்குங்கள்.