சிரித்துக்கொண்டே கொடு என்று சீறுவதா?

கட்டளையிட்டுக் கப்பம் பெறலாம். கதவைத் தட்டிக் கடனை வசூலிக்கலாம். கழுத்தை நெரித்து வரியும் வாங்கலாம். மகிழ்ச்சியை வாங்க முடியுமா? 'சிரி' என்று அதட்டினால் குழந்தை அழும். 'மகிழ்ந்து கொடு' என்று அதட்டினால் கை நீளும், நெஞ்சம் நீளுமா? இந்த எளிய உண்மை நம் திருச்சபைத் தலைவர்கள் பலருக்கு இன்னும் எட்டவில்லை. எட்டியும் ஏற்க மனமில்லை போலும்!

உள்ளம் உவந்து ஈபவரே இறைவனுக்கு இனியவர் என்று பிரசங்க மேடையிலே முழங்குகிறார்கள். நல்ல மொழி, நயத்தக்க மொழி. ஆனால் அந்த ஒலி அடங்குமுன்னே அடுத்த ஒலி எழுகிறது: சந்தா செலுத்தாதோர் பட்டியல்! பட்டியலிலே பெயர் வந்த கூலித் தொழிலாளி தலை குனிகிறான். பக்கத்திலிருப்போர் திரும்பிப் பார்க்கிறார்கள். அடுத்த வாரம் அவன் கைமாற்று வாங்கிக் கட்டிவிடுகிறான். 'பார்த்தீர்களா, உற்சாகமாய்க் கொடுத்துவிட்டான்' என்று கணக்கிலே எழுதுகிறார்கள். உற்சாகமா அது? அவமானத்துக்கு அவன் கட்டிய அபராதமல்லவா அது!

அறுப்பின் பண்டிகை வருகிறது. தோட்டக்காரர் கொணர்ந்த பூசணியும், கூலிக்காரி கொணர்ந்த கோழிமுட்டையும் ஏலத்துக்கு வருகின்றன. நாற்பது ரூபாய்ப் பூசணி நாலாயிரத்துக்குப் போகிறது. எடுத்தவர் பெயர் ஒலிபெருக்கியிலே மும்முறை முழங்குகிறது. ஏலம் வேடிக்கையாக நடக்கட்டும். சிரிப்புக்கு நாம் பகைவரல்லர். ஆனால் ஒன்று கேட்கிறோம்: தன் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்காமல் எடுத்து வந்தாளே அந்த முட்டையை, அவள் பெயர் எந்த ஒலிபெருக்கியிலே ஒலித்தது?

உற்சாகமாய்க் கொடுப்பதைப் பற்றிய அந்த ஒரு வரி எங்கே இருக்கிறது என்று தேடிப் படிக்குமாறு அன்பர்களை வேண்டுகிறோம். கி.பி. 55, 56 வாக்கிலே பவுலடிகள் கொரிந்து நகரத்தார்க்கு எழுதிய இரண்டாம் மடல், ஒன்பதாம் அதிகாரம். அந்த வரியை மட்டும் பிய்த்தெடுத்துக் கொடியாக்கிப் பறக்கவிடுவோர், அதற்கு முன்னும் பின்னும் உள்ளவற்றை ஏனோ படிப்பதில்லை! படித்தால் பல வசூல்கள் நின்றுபோகும் என்பதாலோ?

அவர் கேட்டது எதற்காக? கோபுரத்துக்காக அல்ல, குளிரூட்டிய மண்டபத்துக்காக அல்ல, தம் வயிற்றுக்காகவும் அல்ல. கொரிந்திலே கூடாரத் தொழில் செய்து உண்டவர் அவர். அந்நகரத்துச் சபையிடம் தமக்கென்று பணம் பெறாதவர். எருசலேமிலே வாடிய ஏழைகளுக்காகக் கேட்டார். கேட்கும்போதே, இது கட்டளையன்று என்றும் தெளிவாகச் சொன்னார். இல்லாததைக் கேட்கவில்லை, உள்ளதற்கேற்பக் கொடுத்தால் போதும் என்றார். பிறர் சுகப்பட நீங்கள் துன்பப்பட வேண்டும் என்பதல்ல நோக்கம், சமநிலையே நோக்கம் என்றார். சமநிலை! எத்தனை மேடைகளிலே இந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறோம்?

இன்னும் கேளுங்கள். திரண்ட பணத்தை அவர் தனியொருவராகக் கையாளவில்லை. தீத்துவோடு, சபைகளே தேர்ந்தெடுத்த ஒருவரையும் உடன் அனுப்ப ஏற்பாடு செய்தார். ஏன்? இவ்வளவு பெரிய தொகையைக் கையாளும்போது எவரும் குறை கூற இடமிருத்தலாகாது. இறைவன் முன்னிலையில் மட்டுமல்ல, மனிதர் முன்னிலையிலும் நேர்மை விளங்கவேண்டும் என்பதற்காக. அப்போஸ்தலரே தம்மீது கண்காணிப்பு வைத்துக்கொண்டார்! இன்று சபைக் கணக்கைக் கேட்பவனுக்குக் கிடைக்கும் பட்டம் என்ன? 'விசுவாசக் குறைவுள்ளவன்!'

முதல் மடலிலே மற்றொன்றும் எழுதினார். வாரத்தின் முதல் நாளிலே அவரவர் வரவுக்கேற்ப எடுத்து வைத்துவிடுங்கள். நான் வந்திருக்கும்போது வசூல் நடத்த வேண்டாம் என்றார். தாம் நேரிலே நின்றால் தம் முகத்துக்காகக் கொடுப்பார்கள், அப்படிப்பட்ட பணம் வேண்டாம் என்று அஞ்சியவரைப்போல அல்லவா அது தோன்றுகிறது! இன்றோ, பெரிய பிரசங்கியார் வரும் நாளே பெரிய வசூல் நாள். அவர் உருக்குகிறார், கூட்டம் உருகுகிறது, உருகிய சூட்டிலேயே பை நீட்டப்படுகிறது, திரையிலே கைப்பேசிக்கான கட்டக் குறியீடும் காட்டப்படுகிறது. பவுலடிகள் எதைத் தவிர்த்தாரோ அதையே செய்துவிட்டுப் பவுலடிகளையே சாட்சிக்கும் அழைக்கிறார்கள்!

கொடை இரண்டு வழிகளிலே சாகிறது, தோழர்களே. வரியாகிச் சாகிறது, விலையாகிச் சாகிறது. இரண்டுக்கும் வரலாறு சாட்சி.

வரியான கதையை அயர்லாந்திலே காணலாம். அங்கே மக்களிற் பெரும்பாலோர் கத்தோலிக்கர். ஆயினும் ஆங்கிலிக்கத் திருச்சபைக் குருமார்க்கு அவர்கள் தசமபாகம் செலுத்தவேண்டும் என்றது சட்டம். தாம் தொழாத கோவிலுக்குத் தம் உழைப்பிலே பங்கு! 1831இல் மறுப்புக் கிளர்ந்தது. 1834 டிசம்பர் 18 அன்று கார்க் மாவட்டத்து ராத்கார்மக் அருகே, ஒரு விதவையின் தசமபாக நிலுவையை வசூலிக்கக் குருவானவர் படைவீரருடன் போனார். நிலுவை எவ்வளவு தெரியுமா? 40 ஷில்லிங்! அதற்காகத் துப்பாக்கி வெடித்தது. பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்பின் பெயரால் பிறந்த காணிக்கை, துப்பாக்கி முனையிலே முடிந்த கதை அது. 1869ஆம் ஆண்டுச் சட்டம் அத்திருச்சபையின் அரசுத் தகுதியையே அகற்றிவிட்டது.

பழங்கதை என்று தள்ளவேண்டாம். செருமனியிலே இன்றும் திருச்சபை வரி உண்டு. உறுப்பினர் கட்டும் வருமான வரித்தொகையிலே 8 அல்லது 9 விழுக்காடு. அரசே வசூலித்துக் கொடுக்கிறது. அந்தப் பதிவிலிருந்து விலகுவோர்க்கு நற்கருணை முதலான அருட்சாதனங்கள் இல்லை, சபைச் சடங்கோடு அடக்கமும் மறுக்கப்படலாம் என்று 2012இல் கத்தோலிக்க ஆயர்கள் ஆணையிட்டார்கள். 2022ஆம் ஆண்டு ஒன்றிலேயே 5 இலட்சத்துக்கு மேற்பட்டோர் அங்குக் கத்தோலிக்கத் திருச்சபையை விட்டு வெளியேறினர். காரணங்கள் பல, சிறுவர்க்கு இழைக்கப்பட்ட கொடுமைகள் வெளிவந்தது பெருங்காரணம். ஆயினும் ஆணையால் ஒருவரையும் அன்போடு கட்டிவைக்க முடியவில்லை என்பது தெளிவல்லவா?

விலையான கதையை அறியாதார் இல்லை. 1517இல் மார்ட்டின் லூதர் ஏன் கொதித்தெழுந்தார்? டெட்ஸல் என்னும் துறவி பாவமன்னிப்புச் சீட்டு விற்றுவந்தார். பாதிப் பணம் ரோமாபுரியிலே எழுந்துகொண்டிருந்த புனித பேதுரு பேராலயத்துக்கு. மறுபாதி, மைன்ஸ் பேராயர் ஆல்பிரெக்ட், ஃபுக்கர் குடும்பத்து வட்டிக்கடையிலே பட்டிருந்த கடனை அடைக்க! சீட்டு வாங்கிய உழவனுக்கு அந்த மறுபாதிக் கதையை யாரும் சொல்லவில்லை. இன்று சீட்டு இல்லை. ஆனால் சரக்கு அதுவே! 'ஆயிரம் விதைத்தால் இலட்சம் விளையும்', 'காணிக்கை அனுப்பு, கடன் தீரும்', 'வாக்குப் பண்ணு, வேலை கிடைக்கும்' என்கிறார்களே, இது கொடையா, குதிரைப் பந்தயமா? இலாபம் கருதிக் கொடுப்பவன் வணிகன். இலாபம் காட்டிக் கேட்பவன்? பெயரை வாசகரே வைத்துக்கொள்ளட்டும்.

இத்தனைக்கும் இவர்கள் எடுத்தாளும் பெருஞ்சான்று, இரண்டு காசு போட்ட ஏழை விதவை. 'தன்னிடமிருந்த அனைத்தையும் போட்டாளே, நீ ஏன் போடக்கூடாது?' என்று கூலிக்காரியைப் பார்த்துக் கேட்கிறார்கள். மாற்கு எழுதிய நற்செய்தி, பன்னிரண்டாம் அதிகாரம். அந்த விதவை வருவதற்குச் சற்று முன்னே இயேசு சொன்னது என்ன? நீண்ட அங்கி அணிந்து, நெடுநேரம் செபித்து, விதவைகளின் வீடுகளை விழுங்குவோரைக் கண்டித்தார்! அந்தக் கண்டனம் காதிலே ஒலித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு விதவை வந்து கடைசிக் காசையும் பெட்டியிலே போடுகிறாள். அவள் நெஞ்சின் பெருமையைப் போற்றினார் இயேசு, ஐயமில்லை. ஆனால் அவளைக் காட்டி மற்ற விதவைகளிடம் பறியுங்கள் என்றாரா? அவளைப் போற்றிய வாய்தானே, விழுங்குவோரைச் சாடிய வாய்! முன்னதை மறைத்துப் பின்னதை மட்டும் ஓதுவோர், தாம் எந்தக் கூட்டத்திலே நிற்கிறோம் என்று எண்ணிப் பார்க்கட்டும்.

பள்ளியிலே ஆசிரியராக நின்று நாள்தோறும் கரும்பலகையிலே கணக்கெழுதுகிறோம் நாம். ஒரு சிறு கணக்கு. மாதம் 10,000 ரூபாய் பெறுபவன் பத்திலொரு பங்கு கொடுத்தால் மீதி 9,000. ஒரு இலட்சம் பெறுபவர் அதே பங்கு கொடுத்தால் மீதி 90,000. முன்னவன் வீட்டிலே மருந்து குறையும்; பின்னவர் வீட்டிலே ஒன்றும் குறையாது. ஆனால் கல்வெட்டிலே ஏறுவது 10,000 கொடுத்தவர் பெயர்; 1,000 கொடுத்தவன் பெயர் ஏறுவதில்லை. விகிதம் ஒன்று, வேதனை வேறு! இதைத்தான் சமநிலை என்ற ஒரு சொல்லால் பவுலடிகள் எச்சரித்தார்.

'அப்படியானால் சபை எப்படி நடக்கும்? போதகருக்கு ஊதியம் யார் தருவது? பள்ளிக் கூரை ஒழுகுகிறதே!' என்பார்கள் பெரியோர்கள். நியாயமான கேள்வி. ஊதியத்துக்கும் கூரைக்கும் பணம் தேவை. அதை உறுப்பினர் பங்கு என்றே வெளிப்படையாகச் சொல்லுங்கள். வருவாய்க்கேற்ப வகுங்கள், இல்லாதவர்க்கு விலக்களியுங்கள். பங்கைப் பங்கு என்று கேட்பது நாணயம். பங்கைக் கட்டாயமாக வாங்கிக்கொண்டு, 'உற்சாகக் காணிக்கை' என்று பெயர் சூட்டுவதுதான் பொய்.

மற்றொரு கூட்டமும் உண்டு, அவர்களையும் விடுவதற்கில்லை. மாளிகையிலே இருப்பார், மகிழுந்திலே வருவார், பை வரும்போது பத்து ரூபாய் நோட்டைத் தேடுவார். கேட்டால், 'கட்டாயத்தால் கொடுக்கலாகாது என்று வேதமே சொல்கிறது. எனக்கு இன்னும் உற்சாகம் வரவில்லை' என்பார். அடடா, என்ன புலமை! கட்டாயம் வேண்டாம் என்று பவுலடிகள் சொன்னது ஏழையின் கழுத்தைக் காக்க. இவர் பெட்டியைக் காக்க அல்ல. அதே மடலிலே, கொடிய வறுமையிலிருந்த மக்கெதோனியாச் சபையார், எங்களுக்கும் பங்கு கொடுங்கள் என்று மன்றாடிக் கொடுத்ததை எடுத்துக்காட்டுகிறார் அவர். வறியவர் வாய்ப்புக் கேட்டு மன்றாட, செல்வர் மனநிலை சரியில்லை என்று காத்திருப்பதா? வராத உற்சாகம் நன்றி இன்மையின் அடையாளம். பெற்றதை எண்ணிப் பார்த்தவனுக்குக் கை தானே திறக்கும்.

திறந்த கைகளையும் இந்த நாடு கண்டிருக்கிறது. மிசோரம் மலைகளிலே 1910இல் பெண்கள் ஒரு வழக்கம் தொடங்கினார்கள். சோறு ஆக்கும் வேளைதோறும் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள். அதைச் சபையிலே சேர்ப்பார்கள். விற்ற பணம் திருப்பணிக்குப் போகும். பணம் புழங்காத வீடுகள் அவை. இன்று அந்தப் பிடி அரிசி ஆண்டுதோறும் பல கோடி ரூபாயாகிறது. அங்கே ஒலிபெருக்கி உண்டா? கல்வெட்டு உண்டா? எவள் எத்தனை பிடி வைத்தாள் என்று எவரும் எண்ணியதில்லை. அளவை முடிவு செய்தவள் உலை முன்னே நின்ற பெண். அது எங்கே போகிறது என்பதையும் அறிந்தவள் அவள். விடுதலையும் தெளிவும் இருந்த இடத்திலே மகிழ்ச்சி தானாக வந்தது.

நம் நெல்லைச் சீமைக்கு வாருங்கள். 1903இல் பாளையங்கோட்டையிலே இந்திய மிஷனரி சங்கம் எழுந்தது. வெள்ளையர் பணத்தை எதிர்பாராமல், நம்மவர் பொருளால், நம்மவர் உழைப்பால், நம்மவர் நிருவாகத்தால் நடக்கவேண்டும் என்று துணிந்தவர்களிலே ஒருவர், வெள்ளாளன்விளையிலே பிறந்த வே. ச. அசரியா. தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லிலே பணி தொடங்கியது. 1912இல் அங்கேயே பேராயரானார், ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர். கிறிஸ்தவக் கொடை பற்றித் தனி நூலே எழுதியவர். அவரே 1910இல் எடின்பரோ மாநாட்டிலே, மிஷனரிகள் பொருளும் உழைப்பும் ஈந்ததை மறுக்காமல், நட்பைத் தரத் தவறியதை முகத்துக்கு நேரே எடுத்துரைத்தார். மேலே நின்று போடும் கொடை எப்படி வலிக்கும் என்று அறிந்தவர் அவர். அந்த வலியை இன்று நாமே நம் ஏழைகளுக்குத் தரலாமா?

ஆகவே, சபைப் பெரியோர்களே, வயதிலே இளையவர்களாயினும் உரிமையோடு கேட்கிறோம். கொடுத்தவர் பெயரையும், கொடாதவர் பெயரையும் வாசிப்பதை நிறுத்துங்கள். மாதந்தோறும் வரவையும் செலவையும் ஆலயச் சுவரிலே ஒட்டுங்கள், எழுதப் படிக்கத் தெரிந்த சிறுவனும் கூட்டிப் பார்க்கும்படியாக. திருமணத்துக்கும் திருமுழுக்குக்கும் நிலுவைச் சீட்டைக் கேளாதீர்கள். பிணத்தின் முன்னே சந்தாப் புத்தகத்தைப் புரட்டாதீர்கள்! காணிக்கையிலே ஒரு பங்கை முதலிலேயே சபையின் விதவைக்கும் நோயாளிக்கும் ஒதுக்கிவிட்டு, பிறகு கோபுரத்தைப் பற்றிப் பேசுங்கள்.

இவற்றைச் செய்தால் வருவாய் குறையும் என்று அஞ்சுகிறீர்களா? குறையட்டும் சில நாள். அச்சத்தால் வந்தது போகும். அன்பால் வருவது நிற்கும். மகிழ்ச்சி, கொடுப்பவனிடம் கேட்டு வாங்கும் பொருளன்று. கேட்பவன் தன் நேர்மையால் ஈட்டவேண்டிய பொருள். அதை ஈட்டுங்கள் முதலில். பையை நீட்டுங்கள் பிறகு!